என் மகள் எனக்குக் கதவு திறக்கவில்லை

டோஸ்ட்ருப்பில் என் கடையைத் தெரியாத தமிழர் இல்லை. ஹ்விடோவ்ரேயிலிருந்தும் என் கத்தரிக்காய்க்காக ஆட்கள் வருவார்கள். ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவன் நான். இந்த நாட்டுக்கு வந்து மீன் தொழிற்சாலையில் விரல் விறைக்க நின்றேன், அலுவலகங்கள் துடைத்தேன், பிறகு சொந்தமாகக் கடை போட்டேன். டெனிஷ் மொழியை எனக்கு ஒருவரும் கற்றுத்தரவில்லை. மொத்த வியாபாரிகளோடு சண்டை பிடித்தே பழகிக்கொண்டேன். வங்கி மனேஜர் என்னைக் காக்கவைத்ததில்லை, வரிக் கந்தோரில் என்னைத் திருப்பி அனுப்பியதில்லை. வாசலில் நிறுத்தி, போ என்று தலையாட்டியவள் ஒருத்திதான். அவள் என் மகள்.

மகள் அல்பர்ட்ஸ்லுண்ட் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் சின்ன வகுப்புகளுக்குப் பொறுப்பாக இருக்கிறாள். அவளுக்குக் கீழே எத்தனையோ டெனிஷ் ஆசிரியர்கள். அவளுடைய பிள்ளை, அதாவது என் பேத்தி, அங்கேதான் மூன்றாம் வகுப்பில் இருக்கிறாள்.

அன்று காலை வெண்டிக்காய்ப் பெட்டி பிரித்துக்கொண்டு நின்றபோது போன் அடித்தது. கடைக்கு வழக்கமாக வரும் ஒரு தாய். அவவின் மகனும் அதே பள்ளிக்கூடம்தான்.

"அண்ணை, பள்ளிக்கூடத்திலை துவக்காம்! ஆரோ சுடப்போறன் எண்டு மெசேஜ் போட்டிருக்கிறானாம். எல்லாக் கதவும் பூட்டிப்போட்டினமாம்."

"நீ இப்ப எங்கை நிக்கிறாய்?"

"போய்க்கொண்டிருக்கிறன் அண்ணை. பிள்ளையைத் தூக்கவேணும்."

எங்கள் ஆட்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. சண்டைக் காலத்தில் ஊரில் ஹெலி சத்தம் கேட்டால், ஆமி வெளிக்கிட்டுவிட்டது என்று கதை வந்தால், வீட்டுக்காரர் முதலில் ஓடுவது பள்ளிக்கூடத்துக்குத்தான். ஆசிரியர்களும் பின்படலையைத் திறந்துவிடுவார்கள். கிடைத்த பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஒழுங்கைக்குள் ஓடவேண்டியதுதான். நானும் என் கடைசித் தம்பியை அப்படிச் சைக்கிள் பாரில் போட்டுக்கொண்டு பறந்திருக்கிறேன். பிள்ளை நம் கையில் இருந்தால் போதும், மற்றதைப் பிறகு பார்க்கலாம் என்பதுதான் எங்களுக்குத் தெரிந்த ஒரே பாதுகாப்பு. அது உடம்பிலே ஊறிப்போய்விட்டது. கடையை அப்படியே விட்டுவிட்டு வானை எடுத்தேன்.

முன்வாசலில் பொலிஸ் வந்து இறங்கிக்கொண்டிருந்தது. எனக்கென்ன, பின்பக்கம் தெரியும். சைக்கிள் நிறுத்தும் இடத்துக்குப் பின்னால் ஒரு கண்ணாடி வைத்த கதவு. மகளை ஏற்ற வரும்போதெல்லாம் அங்கேதான் நிற்பேன். அந்தத் தாயும் இன்னொரு தமிழ்த் தகப்பனும் எனக்கு முன்பே அங்கே வந்து நின்றார்கள். அவர் காரின் எஞ்சினைக்கூட நிறுத்தவில்லை.

கதவு பூட்டியிருக்கிறதா என்று பார்க்க மகள் கண்ணாடிக்கு அப்பால் இருந்த நடைவழிக்கு வந்தாள். என்னைக் கண்டாள்.

"பிள்ளையைத் தா!" என்று கத்தினேன். "துற கதவை!"

இல்லை என்று தலையாட்டினாள். முகம் வெளிறிப்போயிருந்தது. கையால் எங்களைப் போகச் சொன்னாள். பிறகு கண்ணாடிக்கு மேலே திரையை இழுத்துவிட்டாள்.

எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. கையால் அடித்தேன். காலால் உதைத்தேன். மற்ற இருவரும் சேர்ந்து அடித்தார்கள். ஒரு பொலிஸ்காரப் பெடியன் வந்து என் கையைப் பிடித்து, அமைதி, அமைதி என்று இழுத்துக்கொண்டு போகும்வரை அடித்தேன்.

துவக்கும் இல்லை, சுட வந்தவனும் இல்லை. பொலிஸ் தேடிப் பார்த்துவிட்டுப் பின்னேரம் கதவுகளைத் திறந்தது. பேத்தி தாயின் கையைப் பிடித்துக்கொண்டு வந்தாள். மேசைக்குக் கீழே எல்லோரும் வாயைப் பொத்திக்கொண்டு படுத்திருந்தார்களாம். ஒருவன் கதவை உடைக்கப் பார்த்தானாம். சுடப்போகிறவன்தான் வந்துவிட்டான் என்று நினைத்தார்களாம். இதை டெனிஷில் மூச்சுவிடாமல் சொன்னாள். மகள் என்னை ஒருதரம் பார்த்துவிட்டுப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போனாள். நானும் வானை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். எனக்கு அவளோடு கோபம்.

அந்தக் கிழமை முழுக்க அதே கதைதான். ஒரு வெற்றுச் செய்திக்குப் பிள்ளைகளை இப்படிப் பயப்படுத்தலாமா என்று டெனிஷ் பெற்றோர் பள்ளிக்கூட இணையப் பக்கத்தில் எழுதித் தள்ளினார்கள். பூட்டச் சொன்னவள் என் மகள் என்பது எல்லோருக்கும் தெரியும். அதிபர் அவளைக் கூப்பிட்டு, பெற்றோர் கூட்டத்தில் 'கொஞ்சம் கூடிப்போய்விட்டது, மன்னியுங்கள்' என்று சொல்லச் சொன்னாராம். சொல்லிவிட்டுப் பொறுப்பையும் விடப்போகிறேன் என்று தாயிடம் அழுதாளாம். மனைவி வந்து எனக்குச் சொன்னாள். "நல்லது, விடட்டும்" என்றேன்.

அடுத்த நாள் கடைக்கு ஒருவன் வந்தான். அல்பர்ட்ஸ்லுண்ட்காரன், என்னிலும் இளையவன், வாய்க்காரன்.

"என்ன அண்ணை, பெத்த அப்பனுக்கே கதவு துறக்கேல்லையாம்?"

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள்.

"ஒரு போன் மெசேஜுக்கு இந்த ஆட்டமோ? ஹெலி சுடேக்கை நாங்கள் பள்ளிக்கூடம் போனனாங்கள். பொம்பர் போன கையோடை எங்களுக்குக் கணக்குப் பாடம் நடந்தது. செத்தே போனம்?"

"நீ சாகேல்லை. அதாலைதான் இஞ்சை நிண்டு என்ரை கத்தரிக்காயை அமத்திப் பாக்கிறாய். செத்ததுகள் வந்து சொல்லட்டும், பயந்தது கூடிப்போச்சோ இல்லையோ எண்டு."

"பகிடிக்கெல்லோ அண்ணை..."

"பகிடியை வெளியிலை கொண்டுபோய் விடு. கத்தரிக்காயை வை."

அவன் போன பிறகு அவன் அமத்திய கத்தரிக்காய்களை எடுத்து ஒதுக்கி வைத்தேன். அவனைத் திட்டியதில் மகள்மேல் இருந்த கோபமும் எங்கேயோ போய்விட்டது. நான் படித்த பள்ளிக்கூடத்துக்கு இடுப்பளவு சுவர்தான். அதற்கு மேலே வெறும் வெளி. அங்கே பூட்டக் கதவு இல்லை. இருந்திருந்தால் பூட்டியிருக்கமாட்டோமா? பூட்ட ஒன்றுமில்லாமல் ஓடியதை வீரம் என்று இப்போது கடை வாசலில் நின்று கதைக்கிறோம். பேத்தி சில நாட்களாக லைட்டை அணைக்க விடுவதில்லை. அந்தப் பயம் பொய் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அவள் உயிரோடு, தன் கட்டிலில் படுத்துக்கொண்டுதான் லைட்டைக் கேட்கிறாள்.

கூட்டத்துக்கு என்னை யாரும் கூப்பிடவில்லை. நல்ல சேர்ட்டாகப் பார்த்துப் போட்டுக்கொண்டு போனேன். மண்டபத்தின் பின்வரிசையில் உட்கார்ந்தேன். மகள் முன்னால் அதிபருக்குப் பக்கத்தில் இருந்தாள். என்னைக் கண்டதும் கண்ணை மூடித் திறந்தாள்.

உயரமான ஒரு தகப்பன் எழுந்தார். எந்த முட்டாளும் ஒரு செய்தி அனுப்பலாம், அதற்காகப் பிள்ளைகளை மேசைக்குக் கீழே தள்ளுவதா என்று கேட்டார். யாரோ கதவை உடைத்தான் என்று தன் மகன் சொல்கிறான், இல்லாத ஒன்றைக் கற்பனை செய்யுமளவுக்கு நீங்கள் பயப்படுத்திவிட்டீர்கள் என்றார். பலர் தலையாட்டினார்கள். கதவில் அடித்தது யார் என்று மகளுக்குத் தெரியும். அந்தப் பெயரைச் சொன்னால் அவள் பக்கம் நியாயமாகிவிடும். அவள் சொல்லவில்லை. மன்னிப்புக் கேட்கத்தான் வாயைத் திறந்தாள்.

நான் எழுந்துவிட்டேன். என் டெனிஷில் இலக்கணம் இருக்காது, ஆனால் முன்வரிசை வரைக்கும் கேட்கும்.

"அது கற்பனை இல்லை. அந்தக் கதவை அடித்தது நான். இது வெங்காய மூட்டை தூக்கிய கை. முழுப் பலத்தோடு அடித்தேன், உதைத்தேன். கதவு அசையவில்லை. உள்ளே நின்றது என் மகள். என்னை யாரென்று தெரியும். நான் கேட்டது அவள் பெற்ற பிள்ளையை. அப்படியும் திறக்கவில்லை. எனக்கே திறக்காதவள் வேறு யாருக்குத் திறப்பாள்?"

"அப்படியானால் என் மகனைப் பயப்படுத்தியது நீங்கள்தான்" என்றார் அந்தத் தகப்பன்.

"ஆம். உங்கள் மகன் பயந்தது சரி. சுட வந்தவன் அடித்திருந்தாலும் அதே சத்தம்தான் கேட்டிருக்கும்."

அவருக்கு அது பிடிக்கவில்லை. ஜாக்கெட்டை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். அவரோடு இன்னும் இரண்டு மூன்று பேர் போனார்கள். கைதட்டல் ஒன்றும் இல்லை. முன்வரிசையில் ஒரு பெண் மட்டும் திரும்பி என் கைகளைப் பார்த்தாள்.

மகள் எழுந்து நின்றாள். பூட்டச் சொன்னது நான்தான், நாளைக்கு அப்படியொரு செய்தி வந்தாலும் பூட்டுவேன் என்றாள். பிள்ளைகளுக்கு இன்னும் இருக்கும் பயத்தை எப்படிப் போக்கலாம் என்று சேர்ந்து பார்ப்போம், அதற்கு எத்தனை நாளும் இருக்கிறேன், ஆனால் பூட்டியதற்கு மன்னிப்புக் கேட்கமாட்டேன் என்றாள். அதிபர் தன் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வெளியே மழை தூறிக்கொண்டிருந்தது. வானுக்குப் பக்கத்தில் வந்து நின்றாள்.

"அப்பா, நான் பொறுப்பை விடேல்லை. இப்பவே அதிபருக்குச் சொல்லிப்போட்டன்."

"எனக்குத் தெரியும். ஆரின்ரை மகள்!"

"உங்கட பெருமை போதும். ஒண்டு கேளுங்கோ. இனியொருக்கால் வந்து கதவிலை அடிச்சால், நானே பொலிசுக்கு உங்கட பேரைக் குடுப்பன்."

"குடு பிள்ளை, தாராளமாய்க் குடு. கதவைத் துறக்காமல் உள்ளை நிண்டு குடு."