கழற்றியவன் விற்ற கார்

எங்கள் மல்வேர்ன் வீட்டுக் கராஜுக்குள் பத்து வருடமாக ஒரு கார் நின்றது. நின்றது என்று சொல்வதுகூடக் கொஞ்சம் மிகைதான். எழுபதுகளில் அமெரிக்காவில் செய்த, நீண்ட மூக்கும் பெரிய எஞ்சினும் கொண்ட மசில் கார் அது. உடம்பு நாலு இரும்புத் தாங்கிகளின் மேல் கிடந்தது. எஞ்சின் ஒரு மூலையில் தனியாக இருந்தது. மீதியெல்லாம் பிஸ்கட் டின்களிலும் வாழைப்பழப் பெட்டிகளிலும். கழற்றுவதில் நான் கெட்டிக்காரன். பூட்டுவதற்குத்தான் காலம் கூடிவரவில்லை.

மனைவிக்கு முதியோர் இல்லத்தில் காலை வேலை. கராஜை நான் பிடித்து வைத்திருந்ததால் அவருடைய கார் வெளியில் பனியில் நிற்கும். ஒருநாள் விடிய, ஐஸ் சுரண்டுகிற தகட்டோடு உள்ளே வந்தார்.

"இஞ்சேருங்கோ, ஒண்டில் அதை ஓட்டுங்கோ, இல்லாட்டி வில்லுங்கோ. இந்த வருசத்துக்குள்ளை ரெண்டிலை ஒண்டு நடக்கவேணும்."

படம் எடுத்ததும் அவர், இணையத்தில் விளம்பரம் போட்டதும் அவர், கொடுத்த தொலைபேசி எண்ணும் அவருடையது. நான் மறுப்புச் சொல்லவில்லை. என்னிடம் வேறு ஒரு திட்டம் இருந்தது. வருகிறவர்களிடம் உண்மையை மட்டும் சொல்வது.

முதலில் வந்தவர் மில்லிக்கனில் இருக்கும் சென்னைக்காரர், கணினி வேலை செய்பவர்.

"அண்ணா, இது ஸ்டார்ட் ஆகுமா?"

"எஞ்சினைக் காருக்குள்ளை வைச்சால் ஆகலாம்," என்றேன்.

கையில் டார்ச்சைக் கொடுத்து அவரைக் காருக்குள் எட்டிப் பார்க்கவைத்தேன். துரு தின்ற தளத்தின் ஓட்டையால் கராஜின் சிமெந்துத் தரை தெரிந்தது. வயர்களை அணில் கடித்த கதையையும் விரிவாகச் சொன்னேன். நேர்மையாகப் பேசியதற்கு நன்றி சொல்லிவிட்டு அவர் பத்து நிமிடத்தில் போய்விட்டார். அடுத்த இரண்டு பேரும் அப்படியே போனார்கள். மூன்று தடவையும் மனைவி உள்கதவில் சாய்ந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தார், ஒரு வார்த்தை பேசவில்லை. அப்போதே நான் யோசித்திருக்க வேண்டும்.

நாலாவதாக, பிக்கரிங்கிலிருந்து ஒரு பெண் வந்தார். நாற்பது வயதிருக்கும், ஸ்கூல் பஸ் ஓட்டுகிறவர். சனிக்கிழமைகளில் வெல்டிங் படிக்கிறாராம்.

"கீழ்த்தளம் முழுக்கத் துரு," என்றேன்.

"நல்லது," என்றார்.

"வயர் எல்லாம் அணில் கடிச்சது."

"அதுவும் நல்லது. எப்பிடியும் புதுசாய்த்தானே போடவேணும்."

ஒவ்வொரு பழுதையும் சொல்லச் சொல்ல அவர் முகம் மலர்ந்துகொண்டே போனது. கடைசியில் அன்றைய முதல் பொய்யைச் சொன்னேன்.

"எந்த ஆணி எதுக்கெண்டு எனக்கே தெரியாது. கழட்டேக்கை ஒண்டும் எழுதி வைக்கேல்லை."

அவர் குனிந்து ஒரு பிஸ்கட் டின்னைத் திறந்தார். உள்ளே என் கையெழுத்தில் ஒரு துண்டு. உரக்க வாசித்தார்: "இடப்பக்கக் கதவு, மேல் பிணைச்சல், நாலு ஆணி." அடுத்த டின்னிலும் துண்டு. அதற்கடுத்ததிலும்.

"அண்ணை, எவ்வளவு வடிவாய் எழுதி வைச்சிருக்கிறியள்," என்றார். பிறகு சிரிப்பை அடக்கமுடியாமல், "அக்கா போனிலை சொன்னவ. அவர் வெருட்டுவார், ஒண்டுக்கும் பயப்பிடாதேங்கோ, எல்லா டின்னுக்குள்ளையும் துண்டு இருக்கெண்டு," என்றார்.

உள்கதவைப் பார்த்தேன். மனைவி தேநீர் குடித்துக்கொண்டு நின்றார்.

"நான் ஒண்டும் பொய் சொல்லேல்லையே," என்றார்.

அடுத்த வாரம் இழுவை லொறி வந்தது. டின்களை நானே ஒவ்வொன்றாகத் தூக்கிக் கொடுத்தேன், வேறு யாரையும் தொடவிடவில்லை. லொறி தெருமுனையில் திரும்பும்வரை வாசலிலேயே நின்றேன். மூன்று நாள் மனைவியோடு பேசவில்லை. அவர் சமைத்ததை மட்டும் மிச்சம் வைக்காமல் சாப்பிட்டேன்.

அடுத்த வருடம் ஆனி மாதத்தில் ஒரு ஞாயிறு மத்தியானம் அந்தப் பெண் அழைத்தார். "அண்ணை, ஒருக்கால் கேளுங்கோ," என்று சொல்லிவிட்டுத் தொலைபேசியைக் காருக்குப் பக்கத்தில் பிடித்தார். இரண்டு தரம் இருமிவிட்டு எஞ்சின் பிடித்துக்கொண்டது. நான் ஒலியைக் கூட்டிக் குசினி மேசையில் வைத்தேன். வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்த மனைவி கத்தியை வைத்துவிட்டு, தலையைச் சாய்த்துக் கேட்டார்.

"நல்ல சத்தம்தான்," என்றார். "வித்திருக்கக்கூடாது போல."

மீண்டும் கத்தியை எடுத்து வெட்டத் தொடங்கினார். பகிடியாகச் சொன்னாரா, உண்மையாகச் சொன்னாரா என்று நான் இன்றுவரை கேட்கவில்லை.