மாமா ஓட்டிவிட்ட காதல்

எங்கள் வீட்டில் ஒரு வெள்ளைக்காரத் தாதியின் நடத்தையைப் பற்றி ஒன்றரை நாள் வழக்கு நடந்தது. அவள் எங்கள் ஊருக்கு வந்தவளோ, எங்களில் யாருக்கும் ஊசி போட்டவளோ அல்ல. ஒரு வீடியோ கசெட்டுக்குள் இருந்தவள். ஆனாலும் சாய்ந்தமருதில் எங்கள் வளவில் இருந்த அத்தனை பெண்களும் அவளை அக்கம்பக்கத்துப் பிள்ளையைப் போலப் பிடித்து வைத்து விசாரித்தார்கள். எண்பதுகளின் தொடக்கம் அது. எனக்கு ஒன்பது வயது.

சவூதியிலிருந்து வந்த அடுத்த வளவுக்காரர் கசெட் போடுகிற ஒரு டெக்கும் கலர் டீவியும் கொண்டுவந்திருந்தார். ஒரு சனிக்கிழமை நடுப்பகல் லுஹர் தொழுகைக்குப் பிறகு அவை எங்கள் வீட்டு மண்டபத்துக்கு வந்து சேர்ந்தன. மறுநாள் பின்னேரத் தொழுகையான அசருக்குள் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்பது பேச்சு. ஜன்னல்களைச் சாத்தி, பாயை விரித்து, பெண்களும் பிள்ளைகளுமாக நெருக்கியடித்து உட்கார்ந்தோம். டெக்கின் பக்கத்தில் என் மாமா அமர்ந்தார். உம்மாவின் தம்பி. கலியாணம் முடிக்காதவர். ஆனால் மற்றவர்களின் கலியாண விடயங்களில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. பட்டன்களைப் பழகிக்கொள்ளும் ஆசையில் நான் அவருடைய முழங்காலோடு ஒட்டிக்கொண்டேன்.

படம் ஆங்கிலப் படம். பறக்கத் தெரிந்த ஒரு மனிதன் ஒரு பெரிய பட்டணத்தை ஆபத்துகளிலிருந்து காப்பாற்றுகிறான். தோளில் பச்சைப் போர்வை கட்டிக்கொண்டு அவன் மேலே கிளம்பியதும் நான் அவன் கட்சியில் சேர்ந்துவிட்டேன். இன்றைக்கும் அந்தக் கட்சியை முற்றாக விட்டுவிட்டேன் என்று சொல்லமாட்டேன். பாலம் உடைந்து ஆற்றுக்குள் விழப்போன தாதியை அவன் ஒரு கையால் தூக்கிக்கொண்டு போனபோது என் சின்னம்மா, சாச்சி, உம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு கலிமா சொன்னார்.

கஷ்டம் அதற்குப் பிறகுதான் தொடங்கியது. பறப்பவன் தாதியின் வீட்டுக்கு வந்து கதவைத் தட்டினான். அவள் திறந்தாள். இரண்டு பேர் மட்டும் ஓர் அறைக்குள் நிற்பதைக் கண்டதும் மாமா தன் தோளில் கிடந்த துவாயை எடுத்து டீவிக்கு மேல் போட்டுவிட்டு, படத்தை வேகமாக ஓட்டிவிடுகிற பட்டனை அமுக்கினார். குமர்ப்பிள்ளைகள் இருக்கிற வீடு என்றார். துவாய்க்குப் பின்னால் படம் கிறீச்சிட்டு ஓடியது. காட்சி முடிந்துவிட்டதா என்று தெரிய வேண்டுமல்லவா, அதற்காக அவர் மட்டும் துவாயின் ஓரத்தைத் தூக்கித் தூக்கிப் பார்த்தார். எங்களுக்காக அந்தப் பாவத்தை அவர் தனியாகச் சுமந்தார் என்றுதான் சொல்ல வேண்டும்.

இப்படி ஒரு முறையல்ல, நாலு முறை துவாய் ஏறி இறங்கியது. கடைசியில் அது விலகியபோது தாதி மழையில் நனைந்தபடி அழுதுகொண்டிருந்தாள். அவனைத்தான் விரும்புவதாகவும் சாகும்வரை அவனோடுதான் என்றும் சொன்னாள். அந்தளவு ஆங்கிலம் எங்கள் வளவில் எல்லோருக்கும் விளங்கியது.

படம் முடிந்து டீ வந்தது. டீயோடு வழக்கும் வந்தது.

"அவளுக்கு மூளை கீளை இரிக்கா கா?" என்று தொடங்கியவர் சாச்சி. "ஒரு தரம் தூக்கிட்டுப் போனான். மறுகா பாத்தா அவன் இல்லாம உசிர் போகுதாம். எந்தக் குடி எண்டு கேட்டாளா? வாப்பா உம்மா ஆர் எண்டு கேட்டாளா?"

உயிரைக் காப்பாற்றியவனை விரும்பாமல் வேறு யாரை விரும்புவது என்று மாமா எதிர்வாதம் செய்தார். அடுத்த வீட்டு மாமிக்கு வேறு கவலை. கலியாணம் முடித்தால் மாப்பிள்ளை பெண் வீட்டுக்குத்தானே வந்திருக்க வேண்டும், அந்தத் தாதிக்கோ ஒரே ஓர் அறை, இவ்வளவு பெரிய போர்வைக்காரனை அதற்குள் எங்கே வைப்பாள் என்று கேட்டார். உம்மா இரு பக்கமும் சாயாமல், எதற்கும் இத்தனை அவசரம் கூடாது என்று தீர்ப்பளித்தார். அந்த ஒன்றில் எல்லோரும் உடன்பட்டார்கள். காதல் அவசரக் காதல்தான். அப்படி அவசரப்பட்டது சரியா பிழையா என்பதில்தான் சண்டை.

நான் பறப்பவனுக்காக உயிரைக் கொடுத்து வாதாடினேன். அவனைப் போல ஒருவன் வந்தால் யோசிக்க என்ன இருக்கிறது என்று கேட்டேன். அதுவரை சுவரோடு சாய்ந்திருந்த என் அக்கா, ராத்தா, அப்போதுதான் வாயைத் திறந்தார்.

"கதைக்காம எப்படி விருப்பம் வரும்?"

ராத்தாவுக்குப் பத்தொன்பது வயது. நற்பிட்டிமுனையிலிருந்து ஒரு சம்பந்தம் வந்திருந்தது. மாப்பிள்ளை வரிப்பத்தான்சேனைப் பள்ளிக்கூடத்தில் வாத்தியார். நல்ல குடும்பம், நல்ல பிள்ளை என்று எல்லோரும் சொன்னார்கள். மறுநாள் பின்னேரத்துக்குள் பதில் சொல்ல வேண்டும். ராத்தா அவரை ஒரே ஒருமுறைதான் பார்த்திருந்தார், அதுவும் ஒரு கலியாண வீட்டில், சீலைத் திரைக்குப் பின்னால் நின்று, அவருடைய பிடரியை மட்டும். வேண்டும் என்றும் வேண்டாம் என்றும் அவர் சொல்லவில்லை. ஒருமுறை அவரோடு கதைத்துப் பார்க்க வேண்டும் என்று மட்டும் உம்மாவிடம் கேட்டிருந்தார். உம்மா பதறிப்போய் அவருடைய வாயைப் பொத்தி, இந்தக் கதை வாப்பாவின் காதுக்குப் போகக்கூடாது என்று சொல்லிவிட்டார். இரவில் ராத்தாவுக்குப் பக்கத்தில் படுப்பவள் என்பதால் இதெல்லாம் எனக்குத் தெரியும்.

தெரிந்ததை வைத்துக்கொண்டு சும்மா இருக்கிற பிள்ளையா நான்? எனக்கு வழக்கில் வெல்ல வேண்டும். "நீயும் கதைக்காமத்தானே முடிக்கப் போறாய்! நீ பாத்தது பிடரிய மட்டும். அவளாவது மூஞ்சியப் பாத்தாள்" என்றேன்.

மண்டபமே சிரித்தது. அடுத்த வீட்டு மாமிக்கு டீ புரையேறியது. ராத்தாவும் சிரித்தார், பிறகு வெறும் கோப்பைகளைப் பொறுக்கிக்கொண்டு குசினிக்குப் போய்விட்டார். மாமா என் முதுகில் தட்டி, இவள் லோயராகத்தான் வருவாள் என்றார். ராத்தா மறுபேச்சுப் பேசாததால் அதையே சம்மதமாக எடுத்துக்கொண்டு, நாளைக்கே போய்ச் சொல்லிவிட்டு வருகிறேன் என்றும் சொன்னார். நான் அன்றைக்கு மிகவும் பெருமையோடு உறங்கினேன்.

மறுநாள் காலை உம்மாவும் சாச்சியும் ஒரு வீட்டுக்குப் பிறந்த பிள்ளையைப் பார்க்கப் போனார்கள். மாமா கடற்கரைக்கு மீன் வாங்கப் போயிருந்தார். ராத்தா முன்கதவைச் சாத்திவிட்டு என்னிடம் வந்து, மாமா ஓட்டிவிட்ட இடங்களைப் போடத் தெரியுமா என்று கேட்டார். எவ்வளவு பெரிய கெட்ட காரியத்தைப் பார்க்கப்போகிறோம் என்று நினைத்துக்கொண்டே பட்டனை அமுக்கினேன்.

பறப்பவன் போர்வையைக் கழற்றிக் கதிரையில் போட்டான். தாதி அவனுக்குச் சூப் ஊற்றிக் கொடுத்தாள். இருவரும் மேசையில் எதிரெதிராக உட்கார்ந்து கதைத்தார்கள். கதைத்துக்கொண்டே இருந்தார்கள். அவன் தன் கைகளைப் பார்த்தபடி ஏதோ நீளமாகச் சொன்னான், அவள் சூப் ஆறிப்போகிற வரைக்கும் கேட்டாள். துவாய்க்குள் போன இரண்டாவது இடத்தில் இருவரும் வீதியில் நடந்தபடி கதைத்தார்கள். மூன்றாவதில் அவள் ஒரு கேள்வி கேட்டுவிட்டுப் பதிலுக்காகக் காத்திருந்தாள். நாலாவதில் அவன் பாத்திரம் கழுவினான், அப்போதும் கதைதான். ஒருவர் மேல் ஒருவர் கைகூடப் படவில்லை.

"ஒண்டுமில்லையே ராத்தா, வெறும் கதைதானே!" என்றேன். ஏமாற்றம் தாங்கவில்லை.

"ஓம் புள்ள, கதைதான்" என்றார் ராத்தா. "அவள் அவசரப்படல்ல. எங்கட மாமாதான் அவசரப்பட்டிரிக்கார்."

சொல்லிவிட்டு அவர் சிரித்தார். சிரித்துக்கொண்டிருக்கும்போதே கண்ணிலிருந்து தண்ணீர் வந்தது. தாதி காத்திருக்கிற இடத்தை இன்னொரு முறை போடச் சொன்னார். பறப்பதே இல்லாத ஒரு துண்டை இரண்டாம் முறை பார்க்கிற பொறுமை எனக்கு இல்லை. போட்டுக் கொடுத்துவிட்டு நெல்லிமரத்துக்குப் போய்விட்டேன்.

பகல் சாப்பாட்டுக்கு வாப்பா கல்முனைக் கடையிலிருந்து வந்தார். மாமா முன்னதாகவே சாப்பிட்டு, வெள்ளைச் சேட்டுப் போட்டு, அத்தர் பூசி, நற்பிட்டிமுனைக்குச் சைக்கிளில் கிளம்பிவிட்டார். உம்மா குசினிக்குள் மீன் பொரித்துக்கொண்டிருந்தார். ராத்தா வாப்பாவுக்குச் சோறு போட்டார். அதற்கு மேல் ஆணம் ஊற்றினார். பிறகு அகப்பையைக் கீழே வைக்காமலேயே சொன்னார்.

"வாப்பா, நான் அவரோட ஒருக்கா கதைக்கணும். கதைச்சுப்போட்டுத்தான் பதில் சொல்லுவன்."

பிசைந்துகொண்டிருந்த வாப்பாவின் கை அப்படியே நின்றது. உம்மாவிடம் சொன்னாயா என்று கேட்டார். முந்தியே சொன்னேன் என்றார் ராத்தா. குசினியில் மீன் கருகுகிற மணம் வந்தது, ஆனால் உம்மா அசையவில்லை. எங்கள் வாப்பா அதிகம் கதைக்கிற மனிதர் அல்ல. பிசைந்த சோற்றைத் தட்டின் ஓரத்துக்கு ஒதுக்கினார்.

"மார்க்கத்தில அதுக்கு இடமிரிக்கி. நாமதான் இடம் வைக்கல்ல" என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார். "ஓடு மகள், மாமாவ மறி."

நான் ஓடினேன். அந்த வெயிலில் செருப்பில்லாமல் அப்படி ஓடியதை நினைத்தால் இப்போதும் உள்ளங்கால் சுடுகிறது. நல்ல காலம், சைக்கிள் கடையில் மாமா டயருக்குக் காற்றடித்துக்கொண்டு நின்றார். நான் செய்தியைச் சொன்னதும் அவருடைய முகம் கறுத்துப்போனது. ஆனால் வாப்பாவின் சொல்லைத் தட்டுகிறவர் அல்ல. சம்மதம் சொல்லப் போனவர், பொடியனை ஒருமுறை வந்துபோகச் சொல்லிவிட்டுத் திரும்பினார்.

வெள்ளிக்கிழமை அசருக்குப் பிறகு வாத்தியார் வந்தார். காற்சட்டையின் அடியில் சைக்கிள் கிளிப், முகமெல்லாம் வேர்வை. பச்சைப் போர்வைக்காரனைப் பார்த்த கண்ணால் இவரைப் பார்க்க எனக்குக் கவலையாக இருந்தது. மண்டபத்துக் கதவுகள் எல்லாவற்றையும் திறந்துவைத்து, ராத்தாவை ஒரு கதிரையிலும் அவரை ஒரு கதிரையிலும் இருத்தி, நடுவில் என்னை வைத்தார்கள். திரைக்குப் பின்னால் உம்மாவும் சாச்சியும் இருந்தார்கள் என்பதை இருமல் காட்டிக்கொடுத்தது.

அவர் முகத்து வேர்வையைத் துடைத்துக்கொண்டு, உங்கள் கிணற்றுத் தண்ணீர் உப்பா என்று கேட்டார். கோடையில் கொஞ்சம் உப்புத்தான் என்றார் ராத்தா. பிறகு ராத்தா கேட்டார்.

"உங்களுக்கு இது விருப்பமா? ஆராவது உங்களக் கேட்டாங்களா?"

அவர் திடுக்கிட்டு நிமிர்ந்தார். "இல்ல. நீங்கதான் முதல்ல கேக்கிறீங்க."

அதற்குப் பிறகு அவர் கதைக்கத் தொடங்கினார். அவருடைய உம்மாவுக்கு நடக்க முடியாதாம். சகோதரி கிடையாதாம். வழக்கப்படி அவர் எங்கள் வீட்டுக்கு மாப்பிள்ளையாக வந்துவிட்டால் அங்கே உம்மாவுக்குத் தண்ணீர் அள்ளிக் கொடுக்கவும் ஆள் இல்லையாம். இதை எந்தப் பெரியவரிடம் சொல்வது என்று தெரியாமல் இருந்தாராம். சொல்லும்போது கைகளைப் பிசைந்துகொண்டே இருந்தார். ராத்தா முழுவதையும் கேட்டார். பிறகு, தானும் வருவதாகவும் கிழமைக்கு இரண்டு நாள் அங்கே தங்கலாம் என்றும், போதாவிட்டால் அவருடைய உம்மாவை இங்கேயே கூட்டிவரலாம், தண்ணீர்தான் கொஞ்சம் உப்பு என்றும் சொன்னார். அவர் சிரித்துவிட்டார். சிரிக்கும்போது அவருக்குக் கன்னத்தில் குழி விழும் என்பதை அன்றுதான் நாங்கள் கண்டோம்.

அவர் போனதும் பெண்கள் என்னைச் சூழ்ந்துகொண்டார்கள். திரைக்குப் பின்னால் இருந்தவர்களுக்குப் பாதிதான் கேட்டதாம். கிணற்றைப் பற்றியும் அவருடைய உம்மாவின் காலைப் பற்றியும் கதைத்தார்கள், வேறொன்றும் இல்லை என்றேன். இதற்குத்தானா இந்தப் பாடு என்று சாச்சி நெற்றியில் அடித்துக்கொண்டார். எனக்கும் அதே எண்ணம்தான்.

ராத்தா சம்மதம் என்று சொல்லி, இரண்டு மாதத்தில் காவின் எழுதும் கலியாண நாள் வந்தது. பெண்ணின் அனுமதியைக் கேட்க வாப்பா இரண்டு சாட்சிகளோடு உள்ளறைக்கு வந்தார். வழக்கப்படி, கேட்டால் பெண் தலையைக் குனிந்துகொண்டு வாய் திறக்காமல் இருப்பாள். அந்த மௌனத்தைச் சம்மதமாக எடுத்துக்கொண்டு போவார்கள். சாச்சிகூட அப்படித்தான் இருந்தாராம், உம்மாவும் அப்படித்தான். அதற்கு மேல் ஒரு விம்மல் வந்தால் இன்னும் சிறப்பு. இதையெல்லாம் சாச்சி காலையிலிருந்தே ராத்தாவுக்குப் பாடம் எடுத்திருந்தார்.

வாப்பா தொண்டையைச் செருமி, மாப்பிள்ளையின் பெயரையும் அவருடைய வாப்பாவின் பெயரையும் சொல்லி, இவருக்கு உன்னை முடித்து வைக்கட்டுமா மகள் என்று கேட்கத் தொடங்கினார். கேள்வி முடியவில்லை. ராத்தா முக்காட்டோடு நிமிர்ந்து வாப்பாவை நேராகப் பார்த்தார்.

"ஓம் வாப்பா. எனக்கு நல்ல விருப்பம்."

அறை முழுவதும் சலசலத்தது. சாச்சி ராத்தாவின் தொடையில் கிள்ளினார். இந்தப் பிள்ளைக்கு என்ன இவ்வளவு அவசரம் என்று யாரோ பின்னாலிருந்து சொல்ல, பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. புதுச் சட்டையோடு உம்மாவின் சாரிக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டேன். எட்டிப் பார்த்தபோது சாட்சிகள் வெளியே போய்விட்டிருந்தார்கள். வாப்பா மட்டும் போகாமல் ராத்தாவைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு தோளில் கிடந்த சால்வையை எடுத்து முகத்தை நன்றாக மூடிக்கொண்டார். பாவம் வாப்பா, அவருக்கும் என்னைப் போலத்தான் வெட்கம் வந்துவிட்டது என்று நான் நினைத்தேன்.