பென்சில் ஹீல்ஸுக்குப் போட்ட தரை

1. மெத்து மெத்தென்ற தரை

நான் போட்ட தரையில் ஒரு வெளிநாட்டு அம்மா முழங்கால் குத்தி விழுந்தார். அங்கிருந்தே தொடங்குகிறேன். நான் நன்றாகப் போட்ட தரைகளைப் பற்றிச் சொன்னால் இப்போது இந்த வேலைக்கு வந்திருக்கும் பிள்ளைகள் கொட்டாவி விடுகிறார்கள். விழுந்த கதை என்றால் காதைத் தீட்டிக்கொண்டு கேட்கிறார்கள்.

எக்ஸ்போர்ட் சூடு பிடித்து ஓடிய வருடங்கள் அவை. திருப்பூரில் ஒவ்வொரு கம்பெனிக்காரரும் துணி வாங்கும் வெளிநாட்டு பையர் வந்து உட்கார்ந்து சாம்பிள் பார்க்க ஏசி போட்ட டிஸ்ப்ளே ரூம் கட்டிக்கொண்டிருந்தார்கள். எனக்குச் சொந்த ஊர் அவிநாசிபாளையம். தரை போடுவதில் அப்போதே இருபது வருட அனுபவம். என் வேலையில் யாரும் குறை சொன்னதில்லை. சொன்னவர்களோடு சண்டை போட்டிருக்கிறேன் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

தாராபுரம் ரோட்டில் ஒரு பனியன் கம்பெனி. முதலாளி கட்டிங் மாஸ்டராக இருந்து மேலே வந்த மனிதர். டிஸ்ப்ளே ரூமுக்குத் தரை தேர்ந்தெடுக்க ஐந்து சாம்பிள் கொண்டுபோய் வரிசையாக விரித்தேன். வெள்ளைத் துணியில் மண் பட்டால் பீஸ் போச்சு. அதனால் அங்கே முதலாளி முதல் பெருக்குகிறவர் வரை எல்லோரும் செருப்பை வாசலில் விட்டுவிட்டுத்தான் உள்ளே வருவார்கள். முதலாளி வெறுங்காலோடு ஒவ்வொரு சாம்பிள் மேலும் ஏறி நின்று பார்த்தார். நானும் வெறுங்காலோடு நின்றேன். மேனேஜரும் நின்றார்.

"இது நல்லா இருக்குதுங் மேஸ்திரி. மெத்து மெத்துன்னு மெத்தை மேல நடக்கற மாதர இருக்குது. இதையே போட்டுருங்க" என்றார் முதலாளி.

அது அடியில் ஸ்பாஞ்ச் வைத்த வினைல் ஷீட். மேலே மரப்பலகை டிசைன். கண்ணுக்கும் அழகு, காலுக்கும் சுகம். இரண்டே நாளில் ஒட்டி முடித்தேன். முதலாளி பெருமையாக என்னையும் பையர் வரும் நாளில் வரச் சொன்னார். நானும் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு போய் கதவோரம் நின்றேன்.

மூன்று பேர் வந்தார்கள். அதில் மூத்தவர் ஒரு அம்மா. ஆர்டர் கொடுப்பதா வேண்டாமா என்று முடிவு செய்பவர் அவர்தான். காலில் பென்சில் முனை போல ஹீல்ஸ். வாசலில் கிடந்த செருப்புகளைப் பார்த்தார், ஒன்றும் புரியாமல் அப்படியே உள்ளே வந்துவிட்டார். ஆர்டர் கொடுக்க வந்தவரைச் செருப்பைக் கழற்றச் சொல்ல யாருக்குத் துணிச்சல் வரும்? அடி வைத்த இடமெல்லாம் குழி. நடு ரூமுக்கு வந்தபோது இரண்டு ஷீட் சேரும் ஜாயிண்டில் ஹீல்ஸ் இறங்கி மாட்டியது. கால் முன்னால் போக, செருப்பு பின்னால் நிற்க, அவர் மண்டியிட்டு விழுந்தார்.

அடி பலமில்லை. அவர் எழுந்து சிரித்தார். முதலாளி சிரிக்கவில்லை. எனக்கு அந்த ஷீட்டுக்கு அடியிலேயே போய் ஒட்டிக்கொள்ளலாமா என்றிருந்தது.

2. நாற்பத்தொரு அம்பு

அவர்கள் போன பிறகு முதலாளி என்னைக் கூப்பிட்டார். "இருவது நாள்ல அவிய திரும்ப வர்றாங்க. அன்னிக்குத்தான் ஆர்டர் முடிவு. தரையே இந்த லச்சணம்னா துணி என்ன லச்சணமோன்னு நெனைக்க மாட்டாங்களா?"

"அந்தம்மா செருப்பைக் கழட்டியிருந்தா ஒண்ணும் ஆயிருக்காதுங்க" என்றேன். வாய் சும்மா இருக்காது எனக்கு.

"ஓ! ஆர்டர் குடுக்க வர்றவங்களை நான் செருப்பைக் கழட்டுங்கன்னு சொல்லோணுமா? வேற தரை போடுங்க. மறுக்கா ஒரு குழி விழுந்துச்சு, இந்த கேட்டுக்குள்ள நீங்க வரவேண்டாம். மத்த கம்பெனிக்காரங்க கேட்டா நான் உள்ளதைத்தான் சொல்லுவேன்."

அவர் சொன்னால் சொன்னதுதான். அவர் முதலாளிகள் அசோசியேஷன் கூட்டத்தில் ஒரு வார்த்தை சொன்னால், திருப்பூரில் எனக்கு வேலை கொடுக்க ஆள் இருக்காது.

அவர் ரூமிலிருந்து வெளியே வந்தால் டிஸ்ப்ளே ரூமில் ஒரு பெண் குனிந்து ஏதோ செய்துகொண்டிருந்தார். செக்கிங் செக்‌ஷன் சூப்பர்வைசர் எஸ்தர். திசையன்விளைப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்த குடும்பம். செக்கிங்கில் துணியில் ஓட்டையோ கறையோ இருந்தால் அந்த இடத்தில் சின்ன சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டுவார்கள். எஸ்தர் தரையில் இருந்த ஒவ்வொரு குழிக்கும் ஒரு அம்பு ஒட்டிக்கொண்டிருந்தார்.

"என்னம்மிணி, வெந்த புண்ணுல வேலைப் பாச்சறயா?" என்றேன்.

"கோவப்படாதீய அண்ணாச்சி. நாப்பத்தொரு டிஃபெக்ட் இருக்கு. எல்லாம் வட்டமா, ஒரே சைஸ். தரைல குத்தம் இல்ல. செக் பண்ணுனதுலதான் குத்தம்."

"என்ன குத்தம்?"

"நீங்க, மொதலாளி, மேனேஜர் எல்லாரும் வெறுங்கால்ல நின்னு பாத்திய. நடக்கப்போறது யாரு? குழந்தைக்குத் தைச்ச சட்டைய நீங்க போட்டுப் பாத்து பாஸ் பண்ணுவியளா?"

சுரீர் என்றது. இருபது வருடத்தில் எனக்கு யாரும் இப்படிப் பட்டென்று சொன்னதில்லை.

3. சரசக்காவின் நடை

அடுத்த நாள் எஸ்தரே கடைக்குப் போய் ஒரு ஜோடி பென்சில் ஹீல்ஸ் வாங்கி வந்துவிட்டார். பெரிய சைஸ்தான் வேண்டும் என்று கேட்டு வாங்கினாராம், எல்லோர் காலும் நுழைய வேண்டுமே. நான் புதிதாக நாலு சாம்பிள் கொண்டுபோய் செக்கிங் டேபிளுக்குப் பின்னால் விரித்தேன். டீ டைமில் டெஸ்ட்.

அங்கே இருந்த பெண்களில் ஒருத்தர்கூட அதற்கு முன் ஹீல்ஸ் போட்டதில்லை. ஆளுக்கு ஆள் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்தார்கள். அந்தச் சிரிப்பை நான் எந்தக் கல்யாண வீட்டிலும் கேட்டதில்லை. சரசக்கா என்று ஒருவர், நல்ல கனமான உடம்பு. அவர் முன்னால் வந்து, "எல்லாரும் அக்கட்டால போங்க. வெயிட்டுக்குத்தானே டெஸ்ட்டு? நான் இருக்கைல உங்களுக்கென்ன கவலை" என்று புடவையை இடுப்பில் சொருகிக்கொண்டு ஏறினார். ஒரே காலில் ஊன்றி ஒரு சுற்றும் சுற்றினார்! கைதட்டல் அடங்கவே இல்லை.

விளையாட்டு போலத் தெரிந்தாலும் எஸ்தர் விளையாடவில்லை. ஒரு நோட்டில் எழுதிக்கொண்டே இருந்தார். லேமினேட் பலகையில் குழி ஆழமாக விழவில்லை, ஆனால் அடியில் ஃபோம் இருந்ததால் ஜாயிண்ட் அசைந்தது. ரிஜெக்ட். பைன் மரத்தில் வரிசையாகப் புள்ளி விழுந்தது. ரிஜெக்ட். பளபளப்பான பாலிஷ் டைலில் குழியே இல்லை, நான் சந்தோஷத்தில் குதித்தேன். அதற்குள் சரசக்காவுக்குக் கால் வழுக்கி, நாலு பேர் தாங்கிப் பிடிக்க வேண்டியதாயிற்று. அதுவும் ரிஜெக்ட். கடைசியாகப் பளபளப்பில்லாத மேட் ஃபினிஷ் விட்ரிஃபைடு டைல். குழியும் இல்லை, வழுக்கவும் இல்லை.

"இதுதான் அண்ணாச்சி. ஆனா எடவெளிய ஹீல்ஸ் நுழையாத அளவுக்கு வையுங்க. ஜாயிண்ட்ட அடைக்குற க்ரௌட்டும் மேல் மட்டத்துக்கு வரணும், பள்ளம் இருக்கக்கூடாது" என்றார் எஸ்தர்.

ஒரு செக்கிங் சூப்பர்வைசர் எனக்கு டைல் ஸ்பேசிங் சொல்லிக்கொடுக்கிறார். மனசுக்குள் முணுமுணுத்தேன். ஆனால் அவர் சொன்னதில் ஒரு வார்த்தைகூடத் தப்பில்லை.

4. ஒன்பது டைல்

வினைலைப் பிய்த்து, பசையைச் சுரண்டி, லெவல் பார்க்கவே நாள் ஓடிவிட்டது. கடைசியில் அவசரம். டைலுக்கு அடியில் கலவையை முழுக்கப் பரப்பாமல், கடைசி இரண்டு வரிசையில் நாலைந்து உருண்டையாக வைத்து அழுத்திவிட்டேன். இன்றைக்கும் பாதிப் பேர் அப்படித்தான் செய்கிறார்கள். மேலே பார்த்தால் யாருக்கும் தெரியாது.

பையர் வர இரண்டு நாள் இருக்கும்போது எஸ்தர் ஒரு ரூபாய்க் காசோடு வந்தார். உட்கார்ந்து ஒவ்வொரு டைலையும் நாலு மூலையிலும் தட்டினார். சத்தம் மாறிய இடத்தில் அம்பு ஒட்டினார். ஒன்பது டைல்.

"இது உள்ள வெறுமையா இருக்கு அண்ணாச்சி."

எனக்குக் கோபம் தலைக்கேறியது. "ஏனம்மிணி, இருவது வருசமா கல்லு போடறவன் நானா, நீயா? அது ஒண்ணும் ஆகாது, போ!"

எஸ்தர் ஹீல்ஸை எடுத்து மாட்டினார், அம்பு ஒட்டிய ஒரு டைலின் மூலையில் குதிகாலை ஓங்கி ஒரு மிதி மிதித்தார். டப் என்று மூலை விண்டுபோனது.

எஸ்தர் ஹீல்ஸைக் கழற்றியபடி மெதுவாகச் சொன்னார். "மொதலாளிட்ட நான் சொல்ல மாட்டேன். நீங்களே எடுத்துட்டு சரியாப் போட்டுருங்க. நாளைக்கு அந்தம்மா விழுந்தா அவியளுக்குத்தான வலி?"

அவர் சொல்லிக்காட்டியிருந்தால் நான் சண்டை போட்டிருப்பேன். அந்தப் பெருந்தன்மையோடு எப்படிச் சண்டை போடுவது? ஒன்பதையும் உடைத்து எடுத்து, கலவையை இண்டு இடுக்கு விடாமல் பரப்பி, புதிதாகப் போட்டேன். செட் ஆனதும் எஸ்தர் மறுபடியும் தட்டிப் பார்த்துத் தலையாட்டினார். அந்தத் தலையாட்டலுக்காக நான் எவ்வளவு தவித்தேன் என்று இப்போது சொல்ல வெட்கமில்லை.

5. செருப்பைப் போடுங்கள்

அந்த நாள் வந்தது. காரிலிருந்து அந்த அம்மா இறங்கினார். காலில் அதே ஹீல்ஸ். நேராக வாசலுக்கு வந்தவர், போன முறை விழுந்தது ஞாபகம் வந்ததோ, ஊர் வழக்கம் இப்போதுதான் புரிந்ததோ, எங்கள் செருப்புகளுக்குப் பக்கத்தில் தன் ஹீல்ஸையும் கழற்றி வைத்துவிட்டார்!

எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அப்பாடா, இனி தரை என்ன ஆனால் என்ன, வெறுங்கால்தானே. முதலாளி முகத்திலும் அதே நிம்மதி.

எஸ்தர் முன்னால் வந்தார். தனக்குத் தெரிந்த இங்கிலீஷில், "மேடம், ப்ளீஸ், வேர் ஷூஸ். நியூ ஃப்ளோர். வீ செக்டு" என்றார்.

பாவி அம்மிணி, என்னைக் கவிழ்த்துவிட்டாளே என்று மனசு அடித்துக்கொண்டது. முதலாளி என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

அந்த அம்மா சந்தேகத்தோடு ஹீல்ஸை மாட்டினார். முதல் அடியை ஜாக்கிரதையாக வைத்தார், இரண்டாவதையும் அப்படியே. பிறகு டக் டக் என்று ரூமின் அந்தக் கோடிக்கு நடந்து, திரும்பி வந்து, போன முறை விழுந்த இடத்தில் வேண்டுமென்றே ஒரு முறை ஊன்றி நின்றார். ஒரு குழி இல்லை, ஒரு கீறல் இல்லை. அவர் எஸ்தரின் கையைப் பிடித்துக் குலுக்கினார். அப்புறம் உட்கார்ந்து துணியைக் கையிலெடுத்தார்.

மத்தியானம் ஆர்டர் உறுதியானதும் முதலாளி என் தோளில் தட்டினார். "மேஸ்திரி மேஸ்திரிதானுங்க! பாத்தீங்களா, பேரைக் காப்பாத்திட்டீங்க."

எஸ்தர் பக்கத்தில்தான் நின்றார். சொன்ன வாக்கைக் காப்பாற்றிக்கொண்டு, ஒன்றும் தெரியாதவர் போலச் சாம்பிளை மடித்துக்கொண்டிருந்தார். அந்தப் பாராட்டை வாங்கிக்கொண்டு பேசாமல் போயிருக்கலாம். முடியவில்லை.

"இல்லீங்க. நான் போட்டதுல ஒம்போது டைல் ரிஜெக்ட்டுங்க. அவசரத்துல ஏமாத்திப் போட்டிருந்தேன். கண்டுபிடிச்சு, கழட்ட வெச்சு, திரும்பப் போட வெச்சது இந்த அம்மிணி. இவங்க இல்லீன்னா இன்னிக்கு அந்தம்மா மறுக்கா விழுந்திருப்பாங்க" என்றேன். கேட் மூடியாச்சு என்றுதான் நினைத்தேன்.

முதலாளி மாடிப் படியைக் கைகாட்டினார். பிறகு எஸ்தரைப் பார்த்தார்.

"மேல் மாடியும் தரை போடோணும். மேஸ்திரி போடட்டும். எஸ்தர் பாஸ் பண்ணுனாத்தான் எடுத்துக்குவேன்."

"சரிங்க" என்றேன். கண் கலங்கியதை மறைக்கவில்லை.

தரை வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். எந்தத் தரை போடுவது என்று கேட்பதற்கு முன், அதில் யார், என்ன போட்டுக்கொண்டு நடப்பார்கள் என்று கேளுங்கள். போட்டு முடித்ததும், உங்களைப் பார்த்துப் பயப்படாத ஒரு ஆளைக் கூப்பிட்டுத் தட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். அவர் குறை சொல்லும்போது கோபம் வரும், எனக்கு இன்றைக்கும் வருகிறது. கோபப்பட்டுக்கொண்டே கழற்றிப் போடுங்கள்.