அக்காவின் தொட்டியில் மிஞ்சிய கல்

பன்னீர் செய்யும் நாட்களில் மட்டும் அந்தக் கல்லை வெளியே எடுப்பேன். பாலைத் திரிய வைத்து, துணியில் வடிகட்டி, முடிச்சுப் போட்டு, சிங்க் ஓரமாக ஒரு தட்டில் வைத்து மேலே இந்தக் கல்லை ஏற்றிவிட்டால் கொஞ்ச நேரத்தில் தண்ணீரெல்லாம் வடிந்துவிடும். கறுப்புக் கல், உள்ளங்கையைவிடச் சற்றுப் பெரியது, ஒரு பக்கம் நல்ல தட்டை. அமெரிக்காவில், சுகர் லேண்டில் இருக்கும் எங்கள் வீட்டில் இதைவிடக் கனமான சாமான்கள் எத்தனையோ உண்டு. ஆனாலும் கை இதைத்தான் தேடிப் போகிறது. இது ஒரு மீன் தொட்டியில் கிடந்த கல். தொட்டி என் பழைய ஆபீஸ் டைரக்டருடையது. ஆபீஸில் அவரை எல்லோரையும் போலப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவேன். அவர் வீட்டுக் கதவைத் தாண்டி உள்ளே போய்விட்டால் அக்கா.

நான் கொளத்தூர்க்காரி. சென்னையில் வண்ண மீன் என்றால் கொளத்தூர்தான். எங்கள் வீட்டு மொட்டை மாடியில் துணி காயப்போட இடம் கிடையாது, அத்தனையும் சிமெண்ட் தொட்டிகள். பள்ளிக்கூடத்தில் என் பக்கத்தில் உட்காரும் பெண் மூக்கைப் பொத்திக்கொள்வாள். நான் இன்ஜினியரிங் படித்ததற்குப் பாதிக் காரணம் அந்த மீன் வாடையிலிருந்து தப்பிப்பதுதான். அதனால் அமெரிக்கா வந்த பிறகு இந்தப் பூர்வ கதையை யாரிடமும் சொன்னதில்லை. அக்காவிடம் மட்டும் ஒரு நாள் லஞ்ச் சாப்பிடும்போது வாய் தவறிச் சொல்லிவிட்டேன். அக்காவுக்குக் கோயம்புத்தூர் பக்கம். "அட, மீன்காரங்க வீட்டுப் புள்ளையா நீ? நாங்க வாங்கின வீட்டுல பழைய ஓனர் ஒரு ஆறடி டேங்க்கை விட்டுட்டுப் போயிட்டாரு கண்ணு. சும்மாவே கெடக்குது. சனிக்கிழமை வந்து பாரேன்" என்றார். ஏழு கடல் தாண்டி வந்தும் மீன் என்னை விடவில்லை.

அக்காவுக்கு ஆப்பிரிக்க சிக்லிட்தான் வேண்டும் என்று பிடிவாதம். எங்கோ ஒரு டாக்டர் வீட்டில் மஞ்சளும் நீலமுமாகப் பார்த்துவிட்டு வந்திருந்தார். அழகான மீன்தான், ஆனால் ரவுடி. ஆளுக்கொரு கல் இடுக்கைப் பிடித்துக்கொண்டு, கிட்டே வருபவனை வாலில் கடித்துத் துரத்தும். கடையில் அக்கா தீபாவளிக்குப் புடவை எடுப்பது போல, கலருக்கு ஒன்று என்று கைகாட்டிக்கொண்டே போனார். நான்தான் தடுத்தேன். ஒரு ஆணுக்கு மூன்று நான்கு பெண் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் அந்த ஒற்றைப் பெண்ணைத் துரத்தித் துரத்தியே கொன்றுவிடும். சாதுவான மஞ்சளை முதலில் விட வேண்டும், முரட்டு நீலத்தைக் கடைசியாக. ஒரேயடியாகக் குறைத்தும் விடக் கூடாது, கூட்டம் கொஞ்சம் அதிகமாக இருந்தால்தான் அடி பல பேருக்குப் பிரிந்து போகும். கடைக்காரப் பையன் நான் சொல்வதைக் கேட்டுத் தலையாட்டினான். அக்கா என் தோளில் கைபோட்டு, அவனிடம் இங்கிலீஷில், "இவள் என் தங்கை" என்றார். இத்தனை நடந்த பிறகும் அந்தக் கை தோளில் இருந்த கனம் எனக்கு ஞாபகம் இருக்கிறது.

தொட்டி நிறைய நிறைய, சனிக்கிழமைகள் எங்களுக்கென்று ஆகிவிட்டன. நான் தண்ணீர் மாற்றுவேன், அக்கா அரிசிம்பருப்பு சாதம் செய்து நெய்யை ஊற்றித் தட்டில் போடுவார். அவர்கள் ஊருக்குப் போகும்போது மீனுக்குச் சாப்பாடு போடுவதற்காக வீட்டுச் சாவியையே என்னிடம் கொடுத்துவைத்தார். கணவரை விட்டால் இந்த நாட்டில் எனக்கென்று யாராவது உண்டென்றால் அது அக்காதான் என்று அம்மாவிடம் போனில் சொல்லியிருக்கிறேன். குஞ்சு பொரிக்கும் சமயத்தில் தாய் மீன் முட்டைகளை வாய்க்குள்ளேயே வைத்துக் காக்கும், வாரக்கணக்கில் சாப்பிடாது. அதைப் பார்த்து அக்கா அசந்துபோவார். "எப்படித்தான் வாயத் தொறக்காம இருக்குதோ கண்ணு, என்னாலெல்லாம் முடியாது" என்பார்.

என் விசாவுக்கு ஆறு வருட ஆயுள். ஐந்தாவது வருடம் முடிவதற்குள் கம்பெனி எனக்காக கிரீன் கார்டு மனுவைப் போட்டுவிட்டால் தொடர்ந்து நீட்டித்துக்கொள்ளலாம், போடாவிட்டால் மூட்டை கட்ட வேண்டியதுதான். அந்தச் சமயத்தில் நியூ ஜெர்சியில், பார்சிப்பனியில் ஒரு கம்பெனி என்னைக் கூப்பிட்டது. சேர்ந்த உடனே மனுப் போடுகிறோம் என்று எழுதியே கொடுத்தார்கள். தொட்டி முன்னால் உட்கார்ந்துதான் அதை அக்காவிடம் சொன்னேன்.

"இங்க பாரு கண்ணு, உன் கேஸ் ஆல்ரெடி லாயர்கிட்ட போயாச்சு. ஃபைல் பண்ணினதுக்கப்புறம் யாராச்சும் விட்டுட்டுப் போவாங்களா? நான் இருக்கறப்ப நீ எதுக்கு வொரி பண்றே?"

என் கணவர் மட்டும், "லாயர்கிட்டேருந்து உனக்கு ஒரு மெயில்கூட வரலையே" என்றார். அக்காவைச் சந்தேகப்பட்டதற்காக அவரோடு இரண்டு நாள் பேசவில்லை. பார்சிப்பனிக்கு நன்றி சொல்லி, வரவில்லை என்று எழுதிவிட்டேன்.

அதற்குப் பிறகு ஒரு சனிக்கிழமை, அக்கா என்னிடம் கேட்காமலே ஒரு பை நிறையப் புது மீன்களை வாங்கி வந்துவிட்டார். அப்படியே விட்டிருந்தால் பழைய மீன்கள் சாயங்காலத்துக்குள் கடித்துக் குதறியிருக்கும். "புதுசு விடறதுக்கு முன்னாடி கல்லையெல்லாம் எடம் மாத்தி வச்சிடணும்க்கா. அப்ப பழசுங்களுக்கு தன் எடம் எதுன்னே தெரியாது. சண்டை போட ஒண்ணும் இருக்காது, எல்லாமே புதுசு மாதிரி ஆயிடும்" என்று சொல்லிவிட்டுக் கையை முழங்கை வரை தண்ணீரில் விட்டேன். அக்கா பையைப் பிடித்துக்கொண்டு நின்றபடி, "அட, இவ்வளவுதானா" என்றார். நேற்றுவரை அந்த மூலைக்கே ராஜாவாக இருந்த நீல ஆண், தன் பொந்து இருந்த இடத்தில் சுற்றிச் சுற்றி வந்தது. நான் சிரித்தேன். புதிதாக அடுக்கியதில் ஒரு கல்லுக்கு இடமில்லாமல் போனது. எதற்காவது ஆகும், எடுத்துக்கொண்டு போ என்று அக்கா அதைத் துடைத்துக் கொடுத்தார்.

ஒரு மாதம் கூட ஆகியிருக்காது. ஆபீஸில் எங்கள் டீமை மூன்றாகப் பிரித்தார்கள். எல்லோருக்கும் இடம் மாறியது. ஜன்னலோரத்தில் இருந்த நான் பிரிண்டர் பக்கத்துக்கு வந்தேன். அதை அறிவிக்கக் கூட்டிய மீட்டிங்கில் அக்கா, தன் வீட்டில் ஒரு மீன் தொட்டி இருப்பதாகவும், புது மீன் விடும்முன் கற்களை இடம் மாற்ற வேண்டும் என்று தான் கற்றுக்கொண்டதாகவும் இங்கிலீஷில் சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள். எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தது நான்தான். என் வார்த்தையை இத்தனை பேர் முன்னால் அக்கா சொல்கிறாரே என்று எனக்கு ஒரே பெருமை. சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அது பெருமையோடுதான் ஆரம்பிக்கும் போலிருக்கிறது.

புதிதாக வந்த காண்ட்ராக்ட் ஆட்களுக்கு என் வேலை முழுவதையும் கற்றுக்கொடுக்கச் சொன்னார். "நீ அடுத்த லெவலுக்குப் போகணும்னா கையில இருக்கறத ஹேண்ட் ஓவர் பண்ணணும் கண்ணு" என்றார். ஒன்று விடாமல் கற்றுக்கொடுத்தேன். கற்றுக்கொடுத்து முடித்த வாரத்தில் என்னை ஒரு சின்ன அறைக்குக் கூப்பிட்டார்கள். அக்கா அங்கே இல்லை. எச்.ஆர். பெண்மணி காகிதத்தைப் பார்த்துப் படித்தார், என் வேலை அன்றோடு முடிந்தது. என் கிரீன் கார்டு மனு என்ன ஆகும் என்று கேட்டேன். கம்ப்யூட்டரில் இரண்டு தடவை தேடிப் பார்த்துவிட்டு, அப்படி ஒன்று ஆரம்பிக்கப்படவே இல்லையே என்றார். அவர் முகத்தில் நிஜமான வருத்தம் இருந்தது. முன்பின் தெரியாத அந்த அம்மாளுக்கு இருந்த வருத்தம்.

சாவியைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது அக்கா மீனுக்குச் சாப்பாடு போட்டுக்கொண்டிருந்தார். திரும்பிக்கூட முழுசாகப் பார்க்கவில்லை. ஏன் பொய் சொன்னீர்கள் என்று கேட்டேன்.

"எனக்கு மேல இருந்து பிரஷர் கண்ணு. உங்கிட்ட உண்மையைச் சொன்னா நீ நியூ ஜெர்சி போயிடுவே. அப்புறம் ப்ராஜெக்ட் என்ன ஆகறது?" என்றார். கொஞ்சம் நிறுத்தி, "உனக்காவது ஹஸ்பெண்ட் இருக்காரு, டிபெண்டன்ட் விசாவுல மாறிக்கலாம். மத்தவங்களுக்கு அது கூட இல்ல பாரு" என்றார்.

வாய் திறக்காமல் இருக்க முடியாது என்று சொன்னவர் எத்தனை மாதம் வாயை மூடிக்கொண்டிருந்திருக்கிறார். நம்ப வைத்துக் கழுத்தை அறுப்பது என்று ஆயிரம் தடவை கேட்டிருக்கிறேன். அறுக்கிறவர் தங்கை என்று கூப்பிட்டுக்கொண்டே அறுப்பார் என்பதுதான் எனக்குத் தெரியாமல் இருந்தது. சாவியைத் தொட்டியின் மூடிமேல் வைத்துவிட்டு வந்தேன். பார்சிப்பனியில் கேட்டுப் பார்த்தேன், அந்த இடத்துக்கு வேறு ஆள் வந்தாகிவிட்டது. டிபெண்டன்டாக மாறி, வேலை பார்க்க அனுமதி இல்லாமல், வருஷக்கணக்கில் இந்தச் சமையலறையில் நின்றேன். பன்னீர் செய்யக் கற்றுக்கொண்டது அப்போதுதான். இன்று மறுபடி வேலைக்குப் போகிறேன், என்னைவிட வயதில் சிறியவர்களுக்குக் கீழே.

அக்காவோடு தொடர்பு அறுந்தது என்று சொல்ல முடியாது. பொங்கலுக்கும் தீபாவளிக்கும் வாட்ஸ்அப்பில் ஒரு வாழ்த்துப் படம் வரும், ஊருக்கெல்லாம் அனுப்புவது. நானும் கைகூப்பும் படம் ஒன்று அனுப்பிவைப்பேன். போன ஞாயிற்றுக்கிழமை கல்லைப் பன்னீர்மேல் ஏற்றிவிட்டுக் கையைத் துடைக்கும்போது போன் மினுங்கியது. அக்காதான். ஒரு படம், தொட்டி மூலையில் வால் கிழிந்து ஒதுங்கிய ஒரு சின்ன மீன். கீழே, "கண்ணு, புதுசா நாலு வாங்கி விட்டேன். பழசுங்க கடிச்சே கொன்னுடும் போல இருக்கு. என்ன பண்ணட்டும்?"

பதில் போடாமல் விட்டிருக்கலாம். அந்தக் குட்டி மீனைப் பார்க்கப் பாவமாக இருந்தது. அதோடு, உண்மையைச் சொன்னால், குத்திக் காட்ட இதைவிட நல்ல சந்தர்ப்பம் வராது என்றும் தோன்றியது. அந்த மீட்டிங் அவருக்கு ஞாபகம் வரட்டும், முகம் கொஞ்சம் சுண்டட்டும் என்று ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினேன். "கல்லையெல்லாம் எடம் மாத்தி வைங்கக்கா."

உடனே பதில் வந்தது. "அட, சூப்பர் ஐடியா கண்ணு! இது எனக்குத் தோணவே இல்ல பாரு."

சமையலறையிலேயே நின்று அதைத் திரும்பத் திரும்பப் படித்தேன். அதில் நடிப்பு இல்லை. நிஜமாகவே மறந்துவிட்டிருந்தார். ஒரு கல்லைத் தொட்டால்கூட என் நினைப்பு வந்து அவரை உறுத்தும் என்று இத்தனை வருஷம் நான்தான் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறேன். அன்றைக்கு எச்.ஆர். அறையில் வராத அழுகை எனக்கு அப்போது வந்தது.

அழுது முடித்துக் கல்லைத் தூக்கியபோது பன்னீர் ரொம்ப நேரம் பாரத்தில் கிடந்து வறண்டு போயிருந்தது, கத்தி வைத்ததும் உதிர்ந்தது. கல்லைக் கழுவித் துடைத்து, எப்போதும் வைக்கும் இடத்திலேயே வைத்தேன்.