மெட்டி போட்ட பாதம்

சனிக்கிழமை மத்தியானம் ஆனால் என் வீட்டுக்காரருக்குக் கால் வீட்டில் தங்காது. படம் வரையப் போகிறாராம். ஐம்பது வயதில் என்ன படம்?

"ஆளப் பாத்து வரையறது. ரெண்டு நிமிசம்தான், அதுக்குள்ள உடம்பு எப்படி வளையுதுன்னு புடிச்சிரணும்," என்றார்.

யார் உடம்பு என்று கேட்டேன். "மாடல்," என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போய்விட்டார். பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகமே இருண்டுவிடுமா?

திரும்பி வரும்போது சட்டைக் கழுத்தில் கரி இருக்கும். அதை முகர்ந்துகூடப் பார்த்திருக்கிறேன். வேறு வாசனை எதுவும் இல்லை. அதுவே என் சந்தேகத்தைக் கூட்டியது. இவ்வளவு சுத்தமாகவா ஒருவர் வீடு திரும்புவார்?

ஒரு சனிக்கிழமை பின்னாலேயே போனேன். ஜார்ஜ்டவுனில் பழைய கடைவீட்டு மாடி. மரப்படி ஏறிக் கதவைத் தள்ளினால், நடுவில் மேசைமேல் அரைக்கால் சட்டையோடு ஒரு சீனக் கிழவர் மல்லாந்து கிடந்தார். உள்ளங்கால் இரண்டும் என் முகத்துக்கு நேரே இருந்தன. அவர் முகமோ அந்தக் கால்களுக்கு அப்பால் எங்கோ சின்னதாகத் தெரிந்தது. என் வீட்டுக்காரரும் சுற்றி உட்கார்ந்தவர்களும் கரித்துண்டால் விறுவிறுவென்று கிறுக்கிக்கொண்டிருந்தார்கள். இதற்கா வேலை மெனக்கெட்டு வந்தோம் என்று வெட்கமாகப் போயிற்று.

அங்கே ஒரு வழக்கம். வகுப்பு முடியும்போது, வீட்டில் வரைந்து பழகிய தாள்களை எல்லாரும் தரையில் பரப்ப வேண்டும். என் வீட்டுக்காரரும் பரப்பினார். தாளுக்குத் தாள் ஒரே பெண். சோபாவில் படுத்திருக்கிறாள். முன்னால் பாதம் இரண்டும் பூசணிக்காய் அளவு. முகம் தலையணையில் கட்டைவிரல் அளவு, கண்ணும் இல்லை, மூக்கும் இல்லை. காலில் மட்டும் மெட்டி.

எனக்கு மெட்டி கிடையாது. மாக் மண்டின் தொழிற்சாலையில் சேர்ந்தபோதே கழற்றிவிட்டேன். இரும்பு முனை வைத்த சப்பாத்துக்குள் அது விரலை அறுத்தது.

"யாருங்க இவ?" அந்த அறைக்கே கேட்டிருக்கும்.

"நீதான் லா. வேல முடிஞ்சு வந்து தூங்குவியே."

"எனக்கு ஏதுங்க மெட்டி?"

அவர் குனிந்து தாளைப் பார்த்தார். சொல்லிக்கொடுக்கும் சீனப் பெண்மணி வந்து, பழைய தாள்களில் ஒவ்வொரு மெட்டியையும் சுற்றித் தான் போட்டிருந்த சிவப்பு வட்டங்களைக் காட்டினார். கண்ணில் படுவதை மட்டும் வரை, மனசில் இருப்பதை வரையாதே என்று வாரா வாரம் திட்டுகிறேன், உன் புருஷன் கேட்பதே இல்லை என்று மலாயில் குறைப்பட்டுக்கொண்டார்.

"நானும் விட்டுறணும்னுதான் பாக்கறேன். பாதம் வந்ததும் கை தானா போட்டுருது," என்றார் என் வீட்டுக்காரர்.

அத்தனை பேர் முன்னால் எனக்கு அழுகை வந்துவிட்டது.

மறுநாள் அலமாரியில் கிடந்த மெட்டியை எடுத்தேன். விரல் தடித்துவிட்டது. சோப்பு போட்டுத்தான் ஏற்றினேன். சோபாவில் மல்லாந்து, தூங்குகிற மாதிரிக் கண்ணை மூடிக்கொண்டேன். கொஞ்ச நேரத்தில் தாளில் கரி உரசும் சத்தம் கேட்டது. என்னைத்தான் வரைகிறாரா? யார் கண்டது! ஒற்றைக் கண்ணை மெல்லத் திறந்தேன்.

அவர் என் காலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அசையாத," என்றார்.