பூங்குருவியும் மலர் அக்காவும்

போன கிழமை மலையகத்து நுவரெலியாவுக்குப் போய் வந்தோம். அந்தக் குளிரில் பிடித்த தடிமனும் மூக்கொழுகலும் இன்னும் விட்டபாடில்லை.

எதற்குப் போனேன்? ஒரு குருவி பார்க்க. சிரிக்காதீர்கள். யுத்த காலத்தில் பைனாகுலரோடு வாவிக்கரையில் நின்றால் என்ன நடந்திருக்கும் என்று மட்டக்களப்பு நாவற்குடாக்காரனான எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அலுமாரிக்குள் கிடந்த பைனாகுலரை யுத்தம் முடிந்து இப்போதுதான் வெளியே எடுத்திருக்கிறேன்... ஆசை இருக்காதா?

வாடகைக்குப் பிடித்த வான் வண்டியில் என்னோடு என் மனைவியும், அவளுடைய பெரியம்மா மகள் மலர் அக்காவும். அக்காவுக்குக் கடற்கரையோரப் பெரியகல்லாறு ஊர். அவருக்குக் குருவியும் ஒன்றுதான், கோழியும் ஒன்றுதான். வந்த காரணம் வேறு. அவருடைய தம்பி ரவியை ஐந்து வருடத்துக்கு முன் சுனாமி கொண்டுபோனது. உடல் கிடைக்கவில்லை. நுவரெலியாவுக்கு டூர் போய் வந்த ஒருவர், "ரவியை உரிச்சு வச்ச மாதிரி ஒராள் பஸ் ஸ்டாண்டுக்கிட்ட கரட் விக்கிறான்" என்று சொல்லிவிட்டார். அன்றிலிருந்து அக்காவுக்கு நித்திரை இல்லை.

காலையில் முதலில் நகரின் நடுவில் இருக்கும் பூங்காவுக்குப் போனோம். அங்கே ஒரு நாற்ற ஓடை. அதன் கரையில்தான் வெள்ளைக்காரர்கள் பெரிய கமராக்களோடு தவம் கிடக்கிறார்கள். ஏன்? இமயமலைக் குளிருக்குத் தப்பி நம் மலைக்காடுகளுக்கு வரும் 'பைட் த்ரஷ்' என்ற பூங்குருவி அந்த ஓடைக்கும் இறங்கி வரும்.

ஆண் என்றால் லேசு — கறுப்பு உடம்பு, வெள்ளை வயிறு, மஞ்சள் சொண்டு, கண்ணுக்கு மேல் பட்டையாக ஒரு வெள்ளைக் கோடு. பெண்தான் ஆளை ஏமாற்றும். மண்ணிறம். சருகுக்குள் அசையாமல் நின்றால் கண்டுபிடிக்கவே முடியாது.

எங்களுக்கு வாய்த்தது பெண். மைனாவைவிடக் கொஞ்சம் சின்னது. சருகைப் புரட்டிப் புரட்டிப் புழு தேடிக்கொண்டிருந்தது. பைனாகுலரை அக்காவிடம் கொடுத்தேன்.

"நிறத்தை மட்டும் பாத்துச் சொல்லக் கூடாதக்கா. கண்ணுக்கு மேல மங்கலா ஒரு கோடு இரிக்கா? செட்டையில வெளுத்த புள்ளி? நெஞ்சிலயும் புள்ளி? எல்லாம் சேந்து வந்தாத்தான் அது."

அக்கா பைனாகுலரை இறக்காமலே கேட்டார். "அஞ்சு வருசத்தில அடையாளம் மாறிருமா தம்பி?"

குருவிக்கா என்று கேட்க வாயெடுத்தேன். மனைவி என் கையைக் கிள்ளினாள்.

"மெலிஞ்சிருப்பான். தாடியும் வளத்திருப்பான்" என்றார் அக்கா.

அங்கிருந்து நேரே பஸ் ஸ்டாண்ட். ரோட்டுக்கு அந்தப் பக்கம் கரட் கடை. முதுகைக் காட்டிக்கொண்டு ஒருவன் மூட்டை அவிழ்த்துக்கொண்டிருந்தான். ரவியை எனக்கும் தெரியும். அதே சரிந்த தோள், காலை அகட்டி வைத்து நிற்கும் அதே நிலை... நான் அக்காவின் கையைப் பிடித்தேன்.

"வாங்கக்கா, கிட்டப் போய்ப் பாப்பம்."

"பொறுங்க தம்பி. கொஞ்ச நேரம் இஞ்ச நிண்டே பாப்பம். மறுகா போவம்."

ஓடிப்போய்ப் பார்ப்பார் என்றல்லவா நினைத்திருந்தேன்? அவரோ நின்ற இடத்தை விட்டு அசையவில்லை. அவன் திரும்பாதவரை அவன் ரவி. அது எனக்கு விளங்கக் கொஞ்ச நேரம் எடுத்தது. விளங்கியதும் அழுகை வந்துவிட்டது.

கடைசியில் அவரே ரோட்டைக் கடந்தார். நாங்களும் பின்னால் போனோம். அவன் திரும்பினான்.

"என்னக்கா வேணும்? இன்னிக்கித்தான் புடுங்குன கரட்டு."

ரவி இல்லை. கண் வேறு, மூக்கு வேறு, பேச்சும் மலையகத்துப் பேச்சு. ரவியைவிட எவ்வளவோ இளையவன்.

அக்கா இரண்டு கிலோ வாங்கினார். காசைக் கொடுத்த பிறகும் நகரவில்லை.

"சாப்பிட்டியா தம்பி?"

"சாப்பிட்டேன்க்கா."

"குளிருது. காதை மூடிக் கட்டு."

அவன் சிரித்துக்கொண்டே தோளில் கிடந்த துவாயை எடுத்துத் தலையில் சுற்றிக்கொண்டான். அவன் கட்டி முடிக்கும்வரை அக்கா பார்த்துக்கொண்டு நின்றார்.

வான் ஊருக்குத் திரும்பியது. பாதி வழியில் அக்கா என்னிடம் கேட்டார்.

"இனியும் ஆராவது எங்கயாவது கண்டதெண்டு சொன்னா, என்னைக் கூட்டிக்கொண்டு போவீங்களா தம்பி?"

"ஓமக்கா" என்றேன். போதும், இனி விட்டுவிடுங்கள் என்று சொல்ல நான் யார்?