பியானா ஏரிச் சாலைக்கு நகலோடு போகாதீர்கள்

வாகனம் குறைந்த சாலையில் சைக்கிள் ஓட்டினால் மனம் அமைதி பெறும் என்று எழுதுகிறவர்கள், வெறிச்சோடிய சாலையைக் கண்டு அஞ்ச வேண்டியிராத நாடுகளில் பிறந்தவர்கள். யாழ்ப்பாணத்தில் ஒரு சாலை வெறிச்சோடினால் அதற்கு ஒரு காரணம் இருக்கும். அந்தக் காரணம் வந்து சேர்வதற்குள் வீட்டுக்குப் போய்விட வேண்டும். இதை நன்றாகத் தெரிந்திருந்தும், 1997 ஓகஸ்ட் நடுப்பகுதியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சிசிலியின் பலெர்மோ நகரிலிருந்து பியானா ஏரிக்குச் சைக்கிளில் புறப்பட்டேன். எனக்கு வயது ஐம்பத்துமூன்று. முழங்காலுக்குச் சைக்கிள் நல்லது என்று மருத்துவர் சொல்லியிருந்தார். பொலிதேயாமா அரங்குக்கு அருகே நான் சமையல் வேலை செய்யும் வீட்டின் எஜமானி, நாங்கள் சின்யோரா என்று அழைப்பவர், குடும்பத்தோடு மொண்டெல்லோ கடற்கரை வீட்டுக்குப் போயிருந்தார். ஓகஸ்டில் நகரமே கடலுக்குப் போய்விடுகிறது. மலைச் சாலைகள் இங்கே வேலைக்கு வந்த நமக்கு மிஞ்சுகின்றன.

துணைக்கு வந்தவர் மன்னாரைச் சேர்ந்த அந்தோனி. ஓர் உணவகத்தில் பாத்திரம் கழுவுகிறார். என்னைவிட இருபது வயது இளையவர். ஊரில் நான் கணிதம் படிப்பித்தவன் என்று அறிந்த நாள் முதல் என்னை மாஸ்டர் என்றே அழைக்கிறார். நாங்கள் குடியிருக்கும் அல்பெர்கேரியாவிலிருந்து காலை ஐந்து மணிக்குப் புறப்பட்டோம். என் சைக்கிள் பல்லரோ சந்தையில் அறுபதாயிரம் லீராவுக்கு வாங்கியது. கியர் மூன்றில் இரண்டுதான் வேலை செய்யும்.

பன்னிரண்டாவது கிலோமீற்றரில் இருக்கும் அல்தொபோன்தேயை ஆறே முக்காலுக்கு அடைந்தோம். அங்கே தண்ணீரை நிரப்பிக்கொள்ளுங்கள். அதன்பின் ஏரிவரை கடை கிடையாது. ஏற்றம் கடுமையானது. இரண்டு இடங்களில் இறங்கித் தள்ளினேன்.

"மாஸ்டர், நீங்கள் சைக்கிள் ஓடுறியளோ, சைக்கிளை நடத்திக்கொண்டு போறியளோ?"

"கதையாமல் மிதியும்."

"ஓம், மிதிக்கிறன். ஆனா இதென்ன றோட்டு? ஒரு காரையும் காணேல்லை. ஊரில எண்டா இந்நேரம் வீட்டை ஓடியிருப்பம்."

நானும் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு மணி நேரத்தில் மூன்று வாகனங்களே கடந்து போயின. வெயில் ஏறியது. தூரத்து மலைமுகட்டில் மெல்லிய புகை தெரிந்தது.

எட்டரை மணிக்கு ஏரிக்கரைச் சாலையில் இறங்கினோம். அங்கேதான் அந்த ஒலி கேட்டது. முதலில் காதுக்கு அல்ல, நெஞ்செலும்புக்குத்தான் அது கேட்கும், அனுபவித்தவர்களுக்குத் தெரியும்.

"ஹெலி!" என்றார் அந்தோனி.

அடுத்து நான் செய்தவற்றில் எதையும் யோசித்துச் செய்யவில்லை. சைக்கிள்களை நடுச்சாலையில் போட்டுவிட்டு, இருவரும் சாலைக்கு அடியிலிருந்த மதகுக்குள் பாய்ந்தோம். சேற்றில் முகம் புதையக் குப்புறக் கிடந்தோம். தலைக்கு மேலே அது தாழ்ந்தது, நின்றது, மீண்டும் எழுந்தது. அந்தோனி செபமாலையின் முதல் வரியையே திரும்பத் திரும்பச் சொன்னார். இரண்டாவது வரி அவருக்கு வரவில்லை. அது சுடப்போகிறது என்று எதிர்பார்த்துக் கிடந்தேன். ஆறு வருடமாகச் சிசிலியில் வாழ்கிறேன் என்பது அப்போது ஒரு தகவலாகக்கூட நினைவில் இல்லை.

அது தீயணைக்கும் ஹெலிகொப்டர். மலையில் எரிந்த நெருப்புக்கு ஏரியில் நீர் அள்ள வந்தது. வயிற்றின் கீழே தொட்டி தொங்கியதை, மதகிலிருந்து ஊர்ந்து வெளியே வந்த பிறகே கண்டோம். அதே நேரத்தில் ஒரு ஜீப்பும் வந்து நின்றது. சீருடையில் இரு காவலர்கள். அவர்கள் கண்டதையும் நியாயமாகச் சொல்ல வேண்டும்: மலையில் நெருப்பு, நடுச்சாலையில் இரண்டு சைக்கிள், மதகுக்குள்ளிருந்து சேறு பூசிய இரு அந்நியர்கள். இங்கே காட்டுக்குத் தீ வைப்பவர்கள் இருக்கிறார்கள்.

ஏன் ஒளிந்தீர்கள் என்று மூத்தவர் கேட்டார். எங்கள் நாட்டில் ஹெலி சுடும் என்றேன். அவர் அடையாளப் பத்திரம் கேட்டார்.

அந்தோனி தமது வதிவிட அனுமதியை, பெர்மெசோவை, எடுத்து நீட்டினார். நான் நீட்டியது நகல். அசலைச் சின்யோரா தம் நகர வீட்டு மேசை இழுப்பறையில் வைத்துப் பூட்டியிருந்தார். வேலைக்குச் சேர்ந்த அன்றே "பத்திரமாக இருக்கும்" என்று வாங்கியவர். நம்மில் பலருடைய பெர்மெசோ இப்படித்தான் பிறருடைய பூட்டுக்குள் கிடக்கிறது. நாமும் அதை நம்பிக்கை என்று சொல்லிக்கொள்கிறோம்.

நகல் செல்லாது என்றார் அவர். சின்யோராவின் பெயரையும் முகவரியையும் எழுதிக்கொண்டார். மறுநாள் நண்பகலுக்குள் பியானா ஊரிலுள்ள தங்கள் நிலையத்தில் அசலைக் காட்ட வேண்டும். தவறினால் விடயம் குவெஸ்தூராவுக்குப் போகும். அந்தக் காவல் அலுவலகத்தில்தான் என் மனைவியையும் மகளையும் அழைப்பதற்கான விண்ணப்பம் பதினான்கு மாதமாகக் கிடந்தது. தீ வைத்த சந்தேகம் என்று ஒரு வரி அந்தக் கோப்பில் ஏறினால் போதும்.

இறங்கும் வழியில் அந்தோனி பகிடி எதுவும் விடவில்லை. "நான் ஹெலி எண்டு கத்தாட்டி நீங்கள் பாஞ்சிருக்க மாட்டியள், மாஸ்டர்" என்று ஒருமுறை மட்டும் சொன்னார்.

"நீர் கத்த முன்னமே நான் சைக்கிளை விட்டிட்டன்" என்றேன். அது உண்மை.

திங்கள் காலை ஏழு மணிக்கு, பன்னிரண்டு கிலோமீற்றர் ஓடி, மொண்டெல்லோ வீட்டு வாசலில் நின்றேன். சின்யோரா காப்பிக் கிண்ணத்தோடு வந்தார். அவர் என்னை நீ என்பார். நான் நீங்கள் என்பேன். நடந்ததையும், குவெஸ்தூராவில் கிடக்கும் என் குடும்பத்தின் விண்ணப்பத்தையும் சொன்னேன்.

"உன்னை யார் மலைக்குப் போகச் சொன்னது? இருபத்தைந்தாம் திகதி வருவேன், அப்போது பார்க்கலாம்."

"மேசை இழுப்பறையின் திறப்பைத் தாருங்கள், சின்யோரா."

"என்மேல் நம்பிக்கை இல்லையா?"

"உங்கள் பெயரையும் முகவரியையும் அவர்கள் எழுதிவைத்திருக்கிறார்கள்."

திறப்பு இரண்டு நிமிடத்தில் வந்தது. என் குடும்பத்தைப் பற்றிச் சொன்னபோது அசையாத கை அது.

நகர வீட்டுக்குத் திரும்பி இழுப்பறையிலிருந்து அசலை எடுத்துக்கொண்டு, பத்து மணி பஸ்ஸில் பியானாவுக்கு ஏறினேன். வழியெல்லாம் சட்டைப்பையை அழுத்திப் பிடித்தபடி இருந்தேன். பதினொன்று இருபதுக்கு நிலையத்தில் அதே அதிகாரி பெர்மெசோவை வாங்கிப் பார்த்தார். ஒரு நிமிடம்கூட எடுக்கவில்லை. "நல்லது, போகலாம்." அவ்வளவுதான். வெளியே வந்து சுவரோரம் அமர்ந்தேன்.

போக விரும்புகிறவர்களுக்கு: போக வர ஐம்பது கிலோமீற்றர், ஏற்றத்துக்கு மூன்றரை மணி, இறக்கத்துக்கு ஒன்றரை. ஓகஸ்டைத் தவிர்த்து ஒக்டோபரில் போங்கள்; தீயும் இராது, ஹெலியும் இராது. பியானாவில் கன்னோலி இனிப்பைத் தின்னாமல் திரும்பாதீர்கள், நான் தின்னவில்லை. ஹெலி வந்தால் நின்ற இடத்திலேயே நில்லுங்கள் என்று எழுத வேண்டும். என்னால் அது முடியுமா என்று தெரியாததால் அதை அறிவுரையாக எழுதவில்லை. பெர்மெசோவின் அசலைப் பிளாஸ்டிக் உறையிலிட்டு உடம்போடு வைத்திருங்கள்.

இருபத்தைந்தாம் திகதி சின்யோரா திரும்பி வந்தார். முதல் வேலையாகக் கையை நீட்டிப் பெர்மெசோவைத் திருப்பிக் கேட்டார். மாட்டேன் என்று சொல்லிவிட்டு, மதியச் சமையலுக்கு வெங்காயம் உரிக்கத் தொடங்கினேன்.